ஆட்டுப் புழுக்கையின் பயன் என்ன?

ஒரு காட்டில் ஒரு முயலும் ஒரு செம்மறியாடும் இருந்தார்கள். காடு என்றதும் மரம், அருவி, சிங்க ராஜா என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். இது கரிசல் காடு. வானத்தைப் பார்த்து விதைத்துவிட்டு, அப்புறமும் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மானாவாரி நிலம். சிங்கம் இருந்திருந்தால் எப்போதோ தண்ணீர் இருக்கிற ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

முயல் பெயர் மொக்கராசு. அவன் சோளம் போடுவான், ஊடே தட்டைப்பயறு போடுவான். ஆட்டின் பெயர் இருளாயி. அவள் எதுவும் போடமாட்டாள், புழுக்கையைத் தவிர. அவன் அவளை மதினி என்பான், அவள் அவனைக் கொழுந்தா என்பாள். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஒரே நிலத்தில் கிடந்தால் எப்படியாவது கூப்பிட வேண்டுமே.

சோளத்தை அறுத்ததும் மொக்கராசு தட்டையை, அதாவது காய்ந்த சோளத்தண்டை, படப்பாக அடுக்கி வைப்பான். கோடை முழுக்க இருளாயி அதைத் தின்பாள். தின்றுவிட்டு அவன் நிலத்திலேயே கிடை கிடப்பாள், இன்றைக்கு இந்த மூலை, நாளைக்கு அடுத்த மூலை. முயலுடைய நிலம்தானே, ஒரு ஆடு போதும். அவள் போடுகிற புழுக்கை நிலத்துக்கு எரு. எருவில் சோளம், சோளத்தில் தட்டை, தட்டையில் இருளாயி, இருளாயியில் மறுபடியும் எரு. இவ்வளவுதான் விஷயம். இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

இருளாயி இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒரு வருசம் தின்ன எதுவும் இல்லாமல் கூட்டத்தோடு மேற்கே மேய்ச்சலுக்கு நடந்தாள். வழியில் குட்டி போட்டாள். மூன்றாம் நாள் தார்ச்சாலை ஓரத்தில் படுத்த குட்டி எழுந்திருக்கவில்லை. கூட்டம் நிற்கவில்லை, இவளும் நடந்தாள். அதைப் பற்றி அவள் பேசுவது கிடையாது. இந்தச் சித்திரையில் மறுபடியும் சினையாக இருந்தாள். ஆவணி பிறந்ததும் போடுவாள். மொக்கராசுவின் படப்பு ஆவணி வரைக்கும் சரியாகத் தாங்கும். ரெண்டு பேரும் நாலு தடவை சுற்றிவந்து பார்த்து முடிவு செய்திருந்தார்கள்.

அந்தச் சித்திரையில்தான் நாரை வந்தார். நாரையை மட்டும் ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும், அவர் முனைவர். ஜீப்பில் வந்தார். பறக்கத் தெரியும்தான், ஆனால் பறந்து வந்தால் முனைவர் என்று யார் நம்புவார்கள். அவருடைய வறள்நில ஆராய்ச்சி நிலையம் ஏரிக்கரையில் இருந்தது. வறண்ட நிலத்தை ஆராய்கிற நிலையம் ஏன் ஏரிக்கரையில் இருக்கிறது என்று கேட்கக் கூடாது. நாரைகள் வேறெங்கே உட்காரும். கூடவே ரோசிணி என்ற குரங்கு, கள உதவியாளர். ரெண்டு பட்டம், நாலு மாத ஒப்பந்தம், கையில் ஒரு தொடுதிரை டேப்.

மழையே இல்லாத காட்டில் ஒரு முயலும் ஆடும் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை முறைப்படி ஆய்வு செய்யப்போவதாக நாரை சொன்னார். நேராகக் கேட்டிருந்தால் மொக்கராசு ரெண்டு நிமிசத்தில் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

முதலில் படிவம். பண்ணையின் வகை என்று ஒரு கேள்வி. பயிர் என்று ஒரு கட்டம், கால்நடை என்று ஒரு கட்டம். ரோசிணி ரெண்டையும் தொட்டாள். டேப் சம்மதிக்கவில்லை. பயிரைத் தொட்டால் அடுத்த பக்கத்தில் ஆட்டைக் காணோம். கால்நடையைத் தொட்டால் நிலத்தைக் காணோம். அரை மணி நேரம் போராடிவிட்டு, கீழே மூன்றாவதாக இருந்த ‘மற்றவை’யைத் தொட்டாள். அன்றிலிருந்து இருளாயி அரசாங்கக் கணக்கில் மற்றவை-1.

அப்புறம் மாதிரி சேகரிப்பு. தட்டையில் என்ன சத்து இருக்கிறது என்று பார்க்கப் படப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார் நாரை. கொஞ்சம் எடுத்தால் போதாதா என்று மொக்கராசு கேட்டான். கொஞ்சம் எடுத்தால் துல்லியம் போய்விடும் என்றார். படப்பு முழுவதையும் மூட்டை கட்டி, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டுக் கட்டினார்கள்.

இருளாயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எப்ப திருப்பித் தருவீக?”

“ஆய்வு முடிந்ததும் முடிவுகளைத் தருவோம்” என்றார் நாரை.

“நான் முடிவைத் திங்கமாட்டேன் சார்.”

நாரை இதைப் புன்னகையோடு ‘பயனாளியின் கருத்து’ என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார்.

தட்டை போனதோடு விட்டார்களா. புழுக்கை எவ்வளவு விழுகிறது என்று தெரிய வேண்டுமாம். மண்ணில் விழுந்துவிட்டால் மண்ணும் சேர்ந்து எடை கூடிவிடுமாம். அதனால் ஒரு துணிப்பையை வார்போட்டு இருளாயியின் வாலுக்குக் கீழே கட்டினார்கள். ஒரு புழுக்கைகூட நிலத்தில் விழவில்லை. காலையில் ரோசிணி வந்து பையை அவிழ்ப்பாள், எடை போடுவாள், மூட்டையில் கொட்டுவாள், புதுப் பை கட்டுவாள்.

“இதைக் கட்டிக்கிட்டு நாலு பேரு மூஞ்சில எப்படிம்மா முழிக்க?” என்று இருளாயி கேட்டாள்.

“நாலு பேர் யாருக்கா இருக்கா இங்க?” என்றாள் ரோசிணி. “இருக்கிறதே நீங்க ரெண்டு பேரும் ஒரு ஓணானும்தான்.” சொல்லிவிட்டு, பையின் வாரை இறுக்கினாள். தன்னுடைய ஒப்பந்தத்தில் இதெல்லாம் எழுதவில்லை என்றும் சொன்னாள்.

மொக்கராசுவுக்கு மட்டும் பெருமையாக இருந்தது. நிலத்து முனையில் ‘மாதிரிப் பண்ணை’ என்று பலகை நட்டிருந்தார்கள். படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் மதினி, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். இருளாயி கருவேலங்காயைப் பொறுக்கித் தின்றுகொண்டு பொறுத்தாள். ஆனியில் அவள் விலா எலும்பை எண்ணலாம் போல ஆனதும்தான் அவனுக்கு உறைத்தது. ஒரு மூட்டையாவது வாங்கி வருகிறேன் என்று நிலையத்துக்குக் கிளம்பினான்.

அங்கே வரிசை. இவனுக்கு முன்னால் ஒரு உடும்பு நின்றது. அதன் வளையின் ஆழத்தை அளக்க வந்தவர்கள் வளையைத் தோண்டி எடுத்துக்கொண்டே போய்விட்டார்களாம், ஆறு மாதமாக வந்து போகிறது. ரெண்டு நாள் நின்று மொக்கராசு ஜன்னலுக்கு வந்தான். மாதிரி எண் கேட்டார்கள், சொன்னான். அது மூட்டையின் எண், உன் எண் எங்கே என்று கேட்டார்கள். உனக்கு எண் இல்லையென்றால் நீ யார் என்று நாங்கள் எப்படி நம்புவது என்றும் கேட்டார்கள். காதை விடைத்துக் காட்டினான். அது செல்லாது என்றார்கள்.

திரும்பும்போது வேலி இடுக்கு வழியாகப் பின்கட்டைப் பார்த்தான். அவனுடைய தட்டை மூட்டை, இருளாயியின் புழுக்கை மூட்டை அத்தனையும் வெட்டவெளியில் கிடந்தன. சத்து பார்க்கிற இயந்திரத்துக்கு ஏதோ உதிரிப்பாகம் வரவில்லையாம். வைகாசியில் பெய்த கோடை மழையில் சாக்கெல்லாம் இற்று, எரு மண்ணோடு கலந்து கிடந்தது. தட்டையில் ஒட்டியிருந்த மணிகள் அதில் விழுந்து முளைத்து, ஏற்கெனவே அவன் தலைக்கு மேலே நின்றன. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். வேலியைத் தாண்ட அவனால் முடியும். ஆனால் மொக்கராசு அப்படிப்பட்ட முயல் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டான். இதற்கு இருளாயி அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆடி பிறந்து ஒரு மழை பெய்ததும் அவன் சோளம் விதைத்தான். எரு காணாத நிலம். முளைத்தது, முழங்கால் உயரம்கூட வரவில்லை, மஞ்சளாக நின்றுவிட்டது. யாருடைய முழங்கால் என்று கேட்காதீர்கள். முயலுடைய முழங்கால்.

நாரை வந்து ஒற்றைக்காலில் நின்று அதையும் அளந்தார். அப்புறம் அறிக்கை வந்தது. நூற்றுப் பத்துப் பக்கம். பயிரையும் ஆட்டையும் சேர்த்து வளர்ப்பது வறண்ட பகுதிக்கு ஒத்துவராது என்பது முடிவு. கையில் பிடித்துக்கொண்டே ஏரிக்கரைக்கு ஓடினான் மொக்கராசு.

ஓடிப்போய்ப் பார்த்தால் பின்கட்டில் ஒரே கூட்டம். அங்கே சோளம் ரெண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. கதிர் ஒவ்வொன்றும் இவன் அளவு. நாரை அதன் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். விதைக்காமல், உழாமல் கிடங்கு ஓரத்திலேயே விளைவிக்கிற புது முறையைக் கண்டுபிடித்துவிட்டாராம்.

“சார், இது எங்க எரு” என்றான் மொக்கராசு. “எங்க தட்டை, எங்க விதை. மதினி போட்டதுதான் சார் இது.”

நாரை கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். “நூற்று நாலாம் பக்கம் பார். உங்கள் நிலத்தில் மூன்று மாதம் புழுக்கையை அளந்தோம். விளைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது. அப்படியிருக்க இது எப்படி அதனால் விளைந்திருக்க முடியும்?”

மொக்கராசு நூற்று நாலாம் பக்கத்தைப் பார்த்தான். அப்படித்தான் போட்டிருந்தது. அட்டவணையோடு.

வறண்ட நிலத்து மக்களுக்கு இந்தப் புது முறையைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நாள் பயிற்சி அறிவித்தார்கள். கடைசி நாள் தேர்வு. தேறுகிறவர்கள் பயிற்றுநர் ஆகலாம். பயிற்றுநர்கள் பின்கட்டில் தங்கலாம், அங்கே விளைகிற தட்டை அவர்கள் பொறுப்பு. தேறாதவர்கள் ஊருக்குப் போகலாம்.

இருளாயிக்கு அப்போது நாள் நெருங்கிவிட்டது. மடி கனத்துத் தொங்கியது. இதில் தேறாவிட்டால் மேற்கே நடப்பதைத் தவிர வழியில்லை, அந்தத் தார்ச்சாலைதான். மொக்கராசு, தெரிஞ்ச விசயம்தானே மதினி, நாம தேறாம யாரு தேறுவா என்றான். ரெண்டு பேரும் சேர்ந்தார்கள். மொக்கராசு முதல் வரிசையில் உட்கார்ந்து நாரையின் தப்புகளைத் திருத்திக்கொண்டே இருந்தான். இருளாயி கடைசி வரிசையில் அசை போட்டபடி நூற்றுப் பத்துப் பக்கத்தையும் படித்தாள்.

தேர்வில் ஒரே ஒரு கேள்வி. ஆட்டுப் புழுக்கையின் பயன் என்ன?

மொக்கராசு நாலு பக்கம் எழுதினான். கிடை எப்படிக் கிடக்க வேண்டும், எந்த மாதத்தில் எந்த மூலை, மழைக்கு எத்தனை நாள் முன்னால், எல்லாம் எழுதினான். கூடுதல் தாள் வாங்கினான். கரிசல் காட்டில் இதுவரைக்கும் யாரும் எழுதாத பாடம் அது. முழுக்க முழுக்க உண்மை.

இருளாயி குளம்பால் ஒரே வார்த்தை எழுதினாள். மாதிரி.

அவளுக்கு நூற்றுக்கு நூறு. மொக்கராசுவுக்குச் சுழி. ஆதாரமற்ற நாட்டுப்புற நம்பிக்கைகள் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

ஆவணி ரெண்டாம் தேதி பின்கட்டில், முழங்கால் புதைகிற சோளத்தட்டை மேல், இருளாயி குட்டி போட்டாள். மூன்றாம் நாள் அவள் வேறெங்கும் பார்க்கவில்லை, குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி எழுந்தது, நடந்தது, ஜன்னல் பக்கம் போய் யாருடைய மனுவையோ தின்றது. ரோசிணிக்கு அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது. போகும்போது கடைசி வேலையாகக் குட்டியின் காதில் ஒரு சீட்டு மாட்டினாள். மற்றவை-2.

மொக்கராசு இவளோடு பேசவில்லை. நாலு பக்கம் எழுதியவன், ரோசம் இருக்காதா. மஞ்சள் சோளத்துக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரு வாரம் கழித்து நிலத்து முனையில் ஜீப் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு இருளாயி இறங்கினாள், பின்னாலேயே குட்டி.

முதன்மைப் பயிற்றுநர் என்ற முறையில் செய்முறை விளக்கத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் ஒரு மூலையில் விளக்கம், அடுத்த மழை வரைக்கும். பயிற்றுநர்கள் மாதிரிக் கணக்கில் வரமாட்டார்கள், அதனால் பை கிடையாது. இதையெல்லாம் அவளே எழுதி, அவளே சீல் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஜீப் நிறையத் தட்டை வேறு, ‘பயிற்சிக் கருவிகள்’ என்று சீட்டு ஒட்டி.

“பொய் எழுதித் தேறிட்டீகளே மதினி” என்றான் மொக்கராசு, அவளைப் பார்க்காமல்.

“நீ தெரிஞ்சதை எழுதுனே, கொழுந்தா. நான் அவுக கேட்டதை எழுதுனேன்” என்றாள். “தள்ளி உக்காரு. விளக்கம் ஆரம்பிக்கப்போகுது.”

வாலைத் தூக்கினாள். மொக்கராசு தள்ளி உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான்.

நீதி: தெரிந்த உண்மையை விடைத்தாளில் போடாதே. தேறிவிட்டு வந்து நிலத்தில் போடு.