சாணிக்குச் சான்றிதழ்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, புலி இருந்தது, வேளாண் அலுவலகமும் இருந்தது. கடைசியாகச் சொன்னதைக் கண்டுதான் எல்லாருக்கும் நடுக்கம்.

காட்டோரத்தில் மயிலாத்தா என்ற எருமை கால் ஏக்கரில் கத்தரி போட்டிருந்தாள். தன் சாணியைக் குழியில் தள்ளி, நன்றாக மக்கவிட்டு, செடிக்குச் செடி அள்ளி வைப்பாள். காய் பளபளவென்று தொங்கும். ஒருநாள் வேளாண் அலுவலர் நஞ்சப்பன் என்ற நரி வந்து வரப்பில் நின்றார்.

"அம்மிணி, இந்த எருவுக்குச் சான்றிதழ் இருக்குதா?"

"சாணிக்கு எதுக்குங்க சான்றிதழ்? நான் போட்டதுதானுங்க."

"நீங்களே சொன்னா ஆச்சா? மாதிரி கொண்டாங்க. சோதனை முடியற வரைக்கும் செடிக்கு ஒரு பிடி வைக்கக் கூடாது."

மயிலாத்தா கூடை நிறைய அள்ளிக்கொண்டு போய் அலுவலக வரிசையில் நின்றாள். முன்னால் பதினேழு ஆடுகள், ஒரு யானை. அவள் முறை வந்தபோது சாயங்காலம். நஞ்சப்பன் படிவத்தைப் புரட்டினார்.

"படிவத்துல வால் நீளம் எழுதலீங்களே. இதைப் பின்பக்கம் கொட்டிட்டு, நாளைக்குப் புதுசாக் கொண்டாங்க."

மறுநாள் சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாள் கூடை அளவு தப்பு. தினமும் கொட்டிவிட்டுத்தான் திரும்பினாள். மூன்று மாதத்தில் அவள் குழி காலியானது. கத்தரி இலை மஞ்சளாகி, பூவெல்லாம் உதிர்ந்தது. செடிகளுக்கு நடுவே நின்று அழுதாள்.

ஒருநாள் அலுவலகத்தின் பின்பக்கம் ஒரே கூட்டம். அவள் கூடை கூடையாகக் கொட்டிய இடத்தில் கன்றுக்குட்டி அளவில் பூசணிக்காய்கள். சிங்கராஜா நஞ்சப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'சிறந்த இயற்கை விவசாயி' விருது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரகசியம் ஒண்ணுமில்லீங்க," என்றார் நஞ்சப்பன் மைக்கில். "மண்ணை நேசிச்சேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். மயிலாத்தாவும் தட்டினாள். தட்டாதவர்களின் மனு தள்ளுபடி என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் தட்டும்போதே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தாள். ஒரு பலகையில் 'கிளை அலுவலகம்' என்று எழுதி வேலியில் மாட்டினாள். மூக்குக் கண்ணாடி ஒன்றும் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை பொன்னி என்ற வெள்ளாடு தயங்கித் தயங்கிக் கூடையோடு வந்தாள்.

"அக்கா, எங்க கீரைப் பாத்திக்குப் போடறதுங்க. இதுக்குமா சோதனை?"

மயிலாத்தா கூடைக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"புழுக்கையெல்லாம் ஒரே அளவா இல்லியே, கண்ணு. அந்தக் கத்தரிக்காட்டுல கொட்டிட்டு, நாளைக்கு வா."

நீதி: எரு வேண்டுமென்றால் மாடு வளர்க்காதே; அறிவிப்புப் பலகை வை.