படம் வராத இடத்தில்

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையோடும், குறையவில்லை என்றால் அதற்கும் நான்தான் காரணம் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடும் எழுதுகிறேன். நான் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நெட்ல போட்ட அந்தப் பக்கத்தை எடுத்துட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசிடு மாப்ளே" என்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. முப்பது வருஷத்தில் நீங்கள் எனக்குச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். அதற்கு மரியாதை கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரி கண்ணை மூடிய பிறகு மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டால் படுக்கப் போகும்வரை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் கல்லூரியில் மாலை வகுப்பு என்று பலகை போட்டிருந்தார்கள். தையல் நிரம்பிவிட்டது, புகைப்படக்கலைக்குச் சொந்தமாகக் கேமரா வேண்டுமாம். மிச்சம் இருந்தது இணையதள வடிவமைப்பு, அடிப்படை நிலை. சேர்ந்தேன். முப்பத்திரண்டு பேர் வகுப்பில் மீசை நரைத்தவன் நான் ஒருவன்தான். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும், ஏமாற்றிவிட்ட ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். டீச்சருக்கு இருபத்தாறு வயதிருக்கும். என்னை அங்கிள் என்பாள், மார்க் போடும்போது மட்டும் சார் என்பாள். எதைத் திறந்தாலும் மூட வேண்டும் என்பது முதல் பாடம். தலைப்புக்கு ஒரு குறி போட்டுத் திறந்தால், சாய்கோடு போட்ட இன்னொரு குறியால் மூட வேண்டும். நான் ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டேன். பக்கம் முழுக்கத் தலைப்பாகிவிட்டது, பத்தி பத்தியாகக் கொட்டை எழுத்து. "ஏன் அங்கிள் இவ்ளோ சத்தமா பேசறீங்க?" என்றாள். இருபத்தெட்டு வருஷம் ஆபீஸ் கடிதங்களுக்கு வரைவு எழுதியவனை, அத்தான், ஒரு சாய்கோடு சந்தி சிரிக்க வைத்துவிட்டது.

அது போகட்டும். ஆண்டிறுதிக்கு, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் கிரிக்கெட், பைக், பூனை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அவளை எடுத்துக்கொண்டேன். அவளுடைய படம் ஒன்று, அவளுக்கு வேண்டிய ஒன்பது பேர் படங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மாற்று வரி கட்டாயம், இல்லாவிட்டால் மார்க் கிடையாது என்றாள் டீச்சர். படம் ஏதாவது கோளாறால் வராமல் போனால் அந்த இடத்தில் தெரிகிற வரியாம். கண் தெரியாதவர்களுக்குக் கணினி அதை வாசித்தும் காட்டுமாம். "படம் வந்துட்டா அந்த வரி யார் கண்ணுக்கும் படாது அங்கிள்" என்றாள். அத்தான், யார் கண்ணுக்கும் படாமல் எழுத ஓர் இடம் எனக்கு வாழ்க்கையில் அதுவரை கிடைத்ததே இல்லை.

எழுதினேன். சித்தப்பாவுக்கு, "துக்கம் விசாரிக்க வந்து, என் வீட்டு நாற்காலி ஆடுகிறது என்று குறை சொன்னவர்." தம்பிக்கு, "கடைசி நாள் போனை எடுக்காதவன். மறுநாள் சார்ஜ் இல்லை என்றவன்." அக்காவுக்கு, "நாற்பத்திரண்டு நாளில் ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள்." உங்களுக்கு, "நல்ல மனிதர். வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரத்திலும் திறக்காதவர்." அவளுக்கு என்ன எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, "இவள்" என்று மட்டும் எழுதினேன்.

வீட்டுக் கணினியில் இருந்த பிரதியைத் திறந்து பார்த்தேன். பத்துப் படமும் பளிச்சென்று வந்தன. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தை இணையத்தில் ஏற்றி, முகவரியைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நாலாம் நாள் சித்தப்பா மட்டும், "மனசுல இருக்கிறதை அப்படியே எழுதிட்டேப்பா" என்று போட்டார். "நன்றி சித்தப்பா, மூணு வாரம் உழைச்சேன்" என்று நான் பதில் போட்டேன். உடனே அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். வயசானவர், எதையோ அழுத்திவிட்டார் போல என்று நினைத்தேன். தம்பி விலகினான். தம்பி மனைவி விலகினாள். ஒரு மனுஷியின் நினைவுக்குப் பக்கம் செய்தால் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்தும் பேசாதவர்களுக்கு நன்றி. உங்களை நான் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறேன்" என்று ஒரு செய்தி போட்டேன். அன்றைக்கு அக்கா விலகினாள்.

விஷயம் தெரிந்தது மார்க் போடும் அன்றைக்குத்தான். டீச்சர் என் பக்கத்தைக் கல்லூரிக் கணினியில் திறந்து பெரிய திரையில் போட்டாள். ஒரு படமும் இல்லை. பத்து வெள்ளைக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வரி. சித்தப்பாவின் நாற்காலிக்கு வகுப்பே சிரித்தது. தம்பியின் சார்ஜுக்கும் சிரித்தார்கள். ஐந்தாவது கட்டத்துக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் "இவள்" என்று இருந்தது, அதில் அவள் இல்லை. "அங்கிள், எல்லாப் படத்துக்கும் உங்க வீட்டுக் கம்ப்யூட்டரையே முகவரியா குடுத்திருக்கீங்க. உங்க பீரோவுல இருக்கிறதை ஊரே வந்து பார்க்கணும்னா எப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள். சரிசெய்ய இரண்டு நிமிஷ வேலை, நானே செய்து தரட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். யாரும் படிக்க வேண்டும் என்று எழுதவில்லை, அது என் தப்பு. ஆனால் எழுதியதில் பொய் என்ன இருக்கிறது? ஒரு காற்புள்ளியைக்கூட எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, சாப்பிட்டியாடா, துணி துவைச்சியாடா என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அக்கா ஒருத்திதான். மூன்று ஞாயிறாக அதுவும் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். எனக்கொன்றும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை இல்லை, மூன்று ஞாயிறும் பதினோரு மணிவரைக்கும்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள்தான் வந்தாள் என்று நான் எழுதியது தப்பென்றால், எந்தெந்தத் தேதியில் வந்தாள் என்று அவள் எனக்கு எழுத்தில் தரட்டும். அதுவரை அவளுக்கு நான் தம்பி இல்லை, எங்களுக்குள் போக்குவரத்தும் இல்லை.

வெந்நீர் ஒத்தடம் விடாதீர்கள். மாடிப்படி ஏறாதீர்கள். வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், என்னிடம் பேசாதவர்கள் உட்பட.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அக்கா போன் பண்ணினாள். நீங்கள் பக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள், அவள் பேசியது உங்களுக்குக் கேட்டிருக்கும். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் ஆஸ்பத்திரித் தேதிகளை எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். "நீ எழுதினது நிஜந்தான்டா. ஒரு நாள்தான் வந்தேன். அவளை அந்தக் கோலத்துல பார்க்க முடியல, மறுபடி வரலை" என்றாள். சீட்டை மடித்து மேசைமேல் வைத்தேன். "ஒன்பது பேரைப் பத்தி எழுதினியே, உன் படம் எங்கடா?" என்றாள். எனக்கு எதுக்குப் படம், நான் நாற்பத்திரண்டு நாளும் அங்கேதானே இருந்தேன் என்றேன். "எங்க இருந்தே? நான் வந்த அன்னைக்கு ரூமுக்கு வாடான்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கணும்னு போனவன்தான். நான் பஸ் ஏறுற வரைக்கும் வரவே இல்லையேடா. உனக்கும் பார்க்க முடியலதானே?" என்றாள். திட்டவில்லை அத்தான். அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நானும்தான்.

மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். ஒன்பது பேரின் வரிகளையும் அழித்துவிட்டேன், படங்களின் முகவரியையும் திருத்திவிட்டேன், இப்போது எல்லாப் படமும் வருகிறது, திறந்து பாருங்கள். பத்தாவதாக அவளும் வருகிறாள். பதினோராவதாக என் படம் ஒன்று சேர்த்தேன். அதற்கு மட்டும் முகவரியைத் தெரிந்தே தப்பாகக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கணினியில் திறந்தாலும் படம் வராது, வரி மட்டும்தான் வரும்: "கணவன். கடைசி மூச்சின்போதும் ஜெராக்ஸ் கடையில் நின்றவன்."