தென்கரையில் இரக்கத்துக்குத் தடை

நடுவே ஆறு ஓடும் செம்பூர் நாட்டில், லஞ்சம் வாங்காத அதிகாரியைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்ததாகச் சொன்ன ஓரிருவரும் பிறகு திருத்திக்கொண்டார்கள்.

லஞ்சத்தை ஒழிக்கும் முன் அதை முறைப்படி ஆராய வேண்டும் என்று மன்னர் ஆணையிட்டார். வடகரையில் லஞ்சம் வாங்கினால் சிறை. தென்கரையில் எப்போதும்போல் வாங்கியே ஆக வேண்டும். அப்போதுதானே இரண்டையும் ஒப்பிட முடியும்? ஆய்வு முடியும்வரை ஒரு கரையார் மறுகரைக்குப் போகவும் தடை.

செங்கமலம் தென்கரைக்காரி. அங்கே பிறந்ததைத் தவிர அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது அவளிடம் செல்லாக்காசுகூட இல்லை.

வாசல் காவலாளி வீரபுத்திரன் காசு வாங்காமல் பெற்ற தாயையே உள்ளே விட்டதில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே என்னவோ ஆகிவிட்டது.

"காசு கெடக்கட்டும்க்கா. புள்ளையத் தூக்கிட்டு உள்ள போ."

பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த ஆய்வு அலுவலர் எழுந்தார்.

"என்ன காரியம் செய்கிறீர்? நீர் இரக்கப்பட்டால் ஆய்வின் முடிவு கெட்டுவிடும்."

"புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க."

"வருந்துகிறேன். அது ஆய்வின் வரம்புக்குள் வராது."

வீரபுத்திரன் தன் மடியிலிருந்த காசை எடுத்து அவள் கையில் திணித்தான். வாங்குபவரே கொடுப்பது விதிமீறல் என்று அலுவலர் அதைப் பறிமுதல் செய்தார். அது எங்கே போனது என்பதும் ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை.

செங்கமலம் அவர் காலில் விழுந்தாள். "சாமி, எம் புள்ளைய மட்டும் வடகரைன்னு நெனச்சுக்கங்க."

அவர் காலை நகர்த்திக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள், பூட்டிய கதவுக்கு வெளியே, தாயின் தோளிலேயே குழந்தை அடங்கிப்போனது.

காரியம் முடிந்த மறுநாள் கணக்கெடுப்பாளர் அவள் வீட்டுக்கு வந்தார்.

"மருத்துவமனையில் லஞ்சம் கொடுத்தீர்களா அம்மா?"

"இல்லீங்க. குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதனாலதான் எம் பொண்ணு..."

"கொடுத்தீர்களா, இல்லையா என்பது மட்டும் போதும்."

தென்கரையில் அவளைப்போல் 'இல்லை' என்றவர்கள் ஏராளம். வடகரையிலோ அதிகாரிகள் சிறைபயத்துக்கும் சேர்த்து எல்லாரிடமும் இருமடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். லஞ்சம் கொடாதோர் தென்கரையிலேயே அதிகம் என்பது ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டதாக மன்னர் அறிவித்தார். ஆகவே இனி நாடு முழுவதும் தென்கரை முறையே நடக்கும்.

அரண்மனையில் வெடி போட்டார்கள். மாலையில் இரண்டு வீரர்கள் வந்து, செங்கமலத்தின் வாசலில் ஒரு பலகையை ஆணியடித்துவிட்டுப் போனார்கள்: 'லஞ்சம் கொடாத இல்லம்.'