ஒத்திகை வக்கீலும் எட்டாத கைப்பிடியும்

மலாயாவின் ஈப்போ நகரில் உட்கார்ந்தபடியே வழக்கு ஜெயித்த வக்கீல்கள் நிறையப் பேர். உட்காரவே தெரியாத வக்கீல் ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அவரிடம் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய நாற்காலியில் அவரைத் தவிர எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம்; ஒரு பூனை அதில் குட்டியே போட்டது.

வேலையில் அடிபட்டவர்கள், கங்காணியிடம் உதைபட்டவர்கள், தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், இவர்கள்தான் அவருடைய கட்சிக்காரர்கள். யார் என்ன சொன்னாலும் விபத்தைத் தாமே ஒருமுறை நடத்திப் பார்க்காமல் நீதிமன்றம் போகமாட்டார். அதனால் ஊர் அவருக்கு ‘ஒத்திகை வக்கீல்’ என்று பெயர் வைத்தது. மாட்டுவண்டியிலிருந்து விழுந்த ஒருவனுக்காகக் கோப்பெங் சாலையில் மூன்று முறை வண்டியிலிருந்து குதித்தார். நான்காம் முறைக்கு மாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டில் சறுக்கிய பால்வெட்டுக்காரனுக்காக இரண்டு வாளி ரப்பர் பாலைத் தோளில் சுமந்து தாமும் சறுக்கினார். பால் தலைமுடியில் உறைந்துவிட்டது. மறுநாள் மொட்டைத் தலையோடு போனவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் துக்கம் விசாரித்தார்.

அஞ்சலையின் வழக்கு எந்த ஆண்டு என்று பார்க்க என் நாட்குறிப்பை எடுத்தேன். கரையான் ஆண்டைத் தின்றுவிட்டுச் செவ்வாய்க்கிழமையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அஞ்சலைக்கு ரப்பர் பாலைத் தகடாக்கும் உருளை இயந்திரத்தில் வலது கை சிக்கி மூன்று விரல்கள் போய்விட்டன. “இயந்திரத்தை நிறுத்தும் கைப்பிடி தலைக்கு மேலேயே இருந்தது, இழுக்காதது அவளுடைய கவனக்குறைவு” என்று தோட்டத்துத் துரை எழுதிவிட்டார். மாதம் முடிவதற்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுக்கு இரண்டு குழந்தைகள், கணவன் இல்லை, வேறு கூரையும் இல்லை.

ஒத்திகைக்குப் போனோம். வக்கீல் இயந்திரத்தின் முன் நின்றார், வலது கையை உருளைப் பக்கம் நீட்டினார், இடது கையைத் தூக்கினார். கைப்பிடி சுலபமாக எட்டிவிட்டது. அவர் முகம் செத்துப்போனது.

தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நல்லாவே எட்டுது லா, சார்! இன்னொரு தரம் இழுக்கிறீங்களா?”

பின்னால் நின்ற அஞ்சலை மெதுவாகச் சொன்னாள்: “ஐயா தென்னமரமாட்டம் இருக்கீங்க. ஒங்களுக்கு எட்டாம என்னா?”

அவள் உயரத்துக்கு இறங்க, வக்கீல் வெள்ளைக் கால்சட்டையோடு அந்த ஈரத் தரையில் தொப்பென்று முழங்காலிட்டார். “கிராணியாரே, இப்ப பாரும்! எட்டுதா?”

“எந்திரிங்க சார், துரை பாத்தா நான்தான் ஒங்கள மண்டி போட வச்சேன்னு நெனைப்பாரு!”

நீதிமன்றத்திலும் அதே கூத்து. கைப்பிடியின் உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிட்டு முழங்காலிட்டுத் தாவினார், எட்டவில்லை. நகர்ந்து மறுபடி தாவினார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பெண் இங்கேதானே நிற்கிறாள்? அவளையே எட்டச் சொன்னால் என்ன?”

எங்கள் வக்கீலுக்கு அது தோன்றவே இல்லை. முழங்காலிலேயே நகர்ந்து அவளுக்கு வழிவிட்டார்.

அஞ்சலை சுவரருகே போனாள். கட்டுப் போட்ட வலது கையை இடுப்போடு வைத்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, இடது கையை நீட்டினாள். கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி. வீடு அவளுக்கே என்றும், இழந்த விரல்களுக்கு ஈடும் கையால் முடிந்த வேலையும் தோட்டம் தர வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது.

நன்றி சொல்ல வந்த அஞ்சலை காலையிலிருந்து எங்கள் அலுவலக வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

“எம்மா, கம்பிக்கதவத் தொறந்துக்கிட்டு உள்ள வரவேண்டியதுதானே?” என்றார் வக்கீல், நடந்துகொண்டே.

“கொக்கி எட்டல, ஐயா. மொத தடவ வந்தப்பவும் யாராச்சும் வந்து தொறக்கட்டும்னுதான் நின்னேன்.”

தெரு ஆடுகள் நுழையாமலிருக்க அந்தக் கொக்கியைத் தம் உயரத்துக்கு மாட்டியவர் அவர்தான். அப்படியே நின்றுவிட்டார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான், செவ்வாய்க்கிழமை, குறித்துவைத்திருக்கிறேன்.

மறுநாளே கொக்கி இடுப்பளவுக்கு இறங்கியது. ஆடுகள் வந்து ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரத்தைத் தின்றன. “போகட்டும் தம்பி, இன்னொண்ணு அடி” என்றார் என்னிடம். ஒவ்வொரு முறை வெளியே ஓடும்போதும் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தம்மையே திட்டிக்கொள்வார்.

அந்த இடத்தில் இப்போது துணிக்கடை. கம்பிக்கதவும் இல்லை. ஆனாலும் அந்த வாசலைத் தாண்டும்போது என் கை இடுப்புயரத்தில் எதையோ தேடுகிறது.