குடிக்கவில்லை மாமா, ருசி பார்க்கிறேன்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் மகள் நலம். கடையில் உங்கள் பேத்தி நலம். உங்கள் மகள் மிகமிக நலம் என்பதை இன்னொரு தடவையும் எழுதிவிடுகிறேன், காரணம் போகப்போகப் புரியும். அங்கே தங்கள் முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் சொன்னபடி கேட்கின்றன என்று நம்புகிறேன். இரத்த அழுத்தம் கேட்கவில்லை என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து மேலே படிக்கவும்.

நேற்று நீங்கள் போன் செய்து, "குடிகாரன் வீட்டுல என் பொண்ணு இருக்க வேண்டாம், அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, நான் "மாமா" என்பதில் பாதியைச் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்வம் தாங்காமல் எடுத்துப் பார்ப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. நான் பதறிப்போய் உங்கள் மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்படியா? எந்த வண்டியில வராராம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அதிர்ச்சியில் மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் ஒரு வாரம் தள்ள முடியாது மாமா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

யார் பற்றவைத்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்வீட்டு ஆடிட்டர். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் உங்கள் தெருவில்தானே இருக்கிறார்? ஆடிட்டர் எதைப் பார்த்திருப்பார் என்பதும் தெரியும். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, கையில் கோப்பையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா" என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தப்பாகத்தான் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலமெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கை எனக்கு. எதை எடுத்தாலும் கை தானாக விளக்குப் பக்கம் போய்விடுகிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது. அன்றிலிருந்து ஆடிட்டருக்கு நான் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கண் பரிசோதிக்கிற நாற்காலியை உங்கள் பேத்தியிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஓய்வு பெற்ற அன்று, எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பல் டாக்டர் ஒரு விஸ்கிப் புட்டியைப் பரிசாகக் கொடுத்தார். நான் அதை வாங்கி வாசனை பார்த்துவிட்டு, கண்ணாடி ஃபிரேம் துடைக்கிற மருந்து என்று நினைத்து, "நல்ல சரக்கு டாக்டர், கறை சுத்தமா போயிடும்" என்று நன்றி சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கஷ்டமாகிவிட்டது. அவரைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு வாய் குடித்தேன். அந்த ஒரு வாய் தொண்டையில் இறங்கிய விதத்தைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. ஆனால் இறங்கி முடித்த பிறகு வாயில் மெதுவாக ஒரு தித்திப்பு வந்தது மாமா. மழை விட்ட பிறகு வெயில் வருகிற மாதிரி. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வேலையும் இல்லை, நேரமோ கொட்டிக் கிடக்கிறது, விடுவேனா?

குடிப்பது வேறு, ருசி பார்ப்பது வேறு என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எடை அளவு ஆய்வாளராக இருந்து, அளவு குறைந்தால் கடைக்காரனைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் நீங்கள். இந்த வேலையில் அளவு குறைந்தால்தான் மரியாதை. வாய் குறுகலான ஒரு சின்னக் கோப்பை. அதன் அடியை மறைக்கிற அளவுக்குத்தான் ஊற்ற வேண்டும். சுழற்றிவிட்டு, கோப்பையின் உள்பக்கத்தில் கோடு கோடாக எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மூக்கு. முதல் தடவை நான் மூக்கை முழுசாக உள்ளே விட்டு ஒரு இழு இழுத்தேன், கண் இரண்டிலும் தண்ணீர் கொட்டிவிட்டது, கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. உங்கள் மகள் ஓடி வந்து, "கடையை நினைச்சு அழறீங்களா?" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவு இதமாக இருந்தது. அதன் பிறகு முறையாகக் கற்றுக்கொண்டேன். கோப்பையைத் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகர வேண்டும். ஒரு கண்ணை மூடிப் பரிசோதிப்பது போல ஒவ்வொரு மூக்குத் துளையாக மூடிப் பார்க்கலாமே என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. வலது துளை எனக்குக் கொஞ்சம் மந்தம். பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் அடங்கிக் கிடந்த வாசனை எழுந்து வரும். அந்தச் சொட்டு விடுவதற்குக் கண் மருந்துக் குழாய் மாதிரி தோதான சாமான் உலகத்தில் இல்லை. புதுக் குழாய்தான் மாமா, யார் கண்ணிலும் விட்டதல்ல.

ஒன்றை மட்டும் ருசித்தால் ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் பரிசோதனையே அதுதானே? "இந்த கண்ணாடி தெளிவா, அந்த கண்ணாடி தெளிவா" என்று கேட்டுத்தானே வயிறு வளர்த்தேன்? ஆகவே பல் டாக்டர் ஒரு புட்டி கொண்டுவந்தார். எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒரு புட்டி கொண்டுவந்தார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் கூடுவோம். ஒருவகை விஸ்கிக்கு, முளைவிட்ட தானியத்தை, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து எரிக்கிற கரிமண்ணின் புகையில் காயவைப்பார்களாம். அதை முதலில் முகர்ந்தபோது பல் டாக்டர், "அண்ணே, இது என் கிளினிக் வாசனை" என்று எழுந்து நின்றுவிட்டார். மெக்கானிக், "இல்ல டாக்டர், இது மோட்டார் காயில் கம்பி சூடான வாசனை" என்றார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைக்காரர் பேசுவதைப் பார்த்து வைத்திருந்தேன். "காய்ந்த திராட்சை, அதுக்குப் பின்னால தேன், ரொம்ப தூரத்துல ஒரு பழைய தோல் பை" என்று எடுத்துவிட்டேன். இருவரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். மனிதனுக்கு அது போதாதா? அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை.

இந்த இடத்தில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தொடுவதே இல்லை. முகர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்துவிட்டு, "இதுல கடைசியா மிளகுக் காரம் வருது" என்றாள். அது வருகிறது என்று புட்டியின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. எங்கள் மூவருக்கும் அது தெரியவில்லை. இதைக்கூட நான் எழுதியிருக்க வேண்டாம்தான். எழுதியாகிவிட்டது.

புட்டியைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்பதால், சமையலறையில் வைத்து ஊற்றிக்கொண்டு வருகிற பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தேன். போன சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். நான் வழக்கம்போல ஒரு துளையை மூடினேன், மறு துளையை மூடினேன், சொட்டு விட்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். "முதல் கோப்பை நல்ல குடும்பத்துப் பிள்ளை. தேன் முன்னால வருது, புகை பணிவா பின்னால வருது. ரெண்டாவதுல வயசு பத்தல, மரப்பீப்பாயில இன்னும் கொஞ்ச காலம் கிடந்திருக்கணும், கரடுமுரடா இருக்கு." பல் டாக்டர் தலையை ஆட்டி, "கரெக்ட் அண்ணே, ரெண்டாவது ஈறுல கடிக்குது" என்றார். மெக்கானிக் மட்டும் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, என்ன செய்ய?" என்று பாவமாகக் கேட்டார். நான் அவர் தோளில் கை வைத்து, "பழகப் பழக வரும்பா, மனசைத் தளர விடாத" என்று ஆறுதல் சொன்னேன்.

அப்போது உங்கள் மகள் உள்ளேயிருந்து ஒரு புட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "ரெண்டுலயும் இதைத்தான் ஊத்தினேன்" என்றாள்.

கடையில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது மாமா. சிலர் எந்த லென்ஸைப் போட்டாலும் "இது பிரமாதம், அது மோசம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அவர்களுக்கு மட்டும் லென்ஸைக் கழற்றுவது போலக் கழற்றி, அதே லென்ஸையே திரும்பப் போட்டு, "இப்ப எப்படி?" என்று கேட்பேன். "ஆகா, இப்பத்தான் பளிச்சுனு இருக்கு" என்பார்கள். கவுன்டரில் ஃபிரேம் அளந்துகொண்டிருக்கிற உங்கள் மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம், பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். அந்த வித்தையை அவள் என் மேலேயே ஏவிவிட்டாள். நான் பேய் முழி முழித்தேன். அவள் மெதுவாக, "இப்ப எப்படி?" என்று கேட்டாள். அவ்வளவுதான், பல் டாக்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் எழுந்து எல்லோரிடமும் கை குலுக்கினார். எனக்குக் கொஞ்ச நேரம் காது மடல் எரிந்தது. அதற்குப் பிறகு நானும் சிரிக்க ஆரம்பித்து, அவளும் சிரிக்க ஆரம்பித்து, இருவருக்கும் நிற்கவே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன் மாமா, தோற்றதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது இதுதான் முதல் தடவை. கடைக்குப் போய்க்கொண்டிருந்தவரை நானும் அவளும் நாள் முழுக்க ஒரே அறையில் இருந்தோம், பேசியதெல்லாம் பில்லும் பவரும்தான். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் எங்கே உட்காருவது என்றே எனக்குத் தெரியாது, அவள் கூட்டுகிற இடத்திலெல்லாம் போய் நிற்பேன். இப்போது சாயங்காலம் ஆனால் இருவரும் எதிரெதிரே உட்காருகிறோம். நான் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இது என்ன வாசனை என்று கேட்கிறேன். அவள் முகர்ந்துவிட்டு, சின்ன வயதில் நீங்கள் ஆபீஸ் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை என்கிறாள், பித்தளை எடைக்கல்லும் மரமும் எண்ணெயும் கலந்த வாசனையாம். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகிறது. கோப்பை அப்படியே இருக்கிறது. பாதி நாள் நான் அதைக் குடிக்கவே மறந்துவிடுகிறேன். இதற்குப் பெயர் குடியா?

ஆகவே நீங்கள் தயவுசெய்து வர வேண்டாம். அத்தை போன பிறகு எத்தனையோ முறை நல்லபடியாகக் கூப்பிட்டோம். "என் கட்டில்ல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று ஒவ்வொரு முறையும் தட்டிக் கழித்தீர்கள். பேத்தி நாற்காலியில் உட்கார்ந்த அன்றுகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு உங்கள் மகள் அதையே துடைத்துக்கொண்டு நிற்பாள். தனியாக என்ன சாப்பிட்டாரோ என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அப்படியெல்லாம் கூப்பிட்டு வராத நீங்கள், அவளை என்னிடமிருந்து பிரிப்பதற்காக மட்டும் வர வேண்டுமா? உங்கள் மனசு ஆறவில்லை என்றால் புட்டிகள் எல்லாவற்றையும் பல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கோப்பையில் பூச்செடி வைத்துக்கொள்கிறேன். அவளை மட்டும் விட்டுவிடுங்கள்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். படிக்கும்போது எழுத்து ஆடினால் கண்ணாடி பவர் மாறியிருக்கும், உடனே தெரிவிக்கவும். நாங்கள் இருவரும் தங்கள் காலைத் தொட்டு வணங்கியதாக ஏற்றுக்கொண்டு ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மாப்பிள்ளை.

பி.கு.: மாமா, உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மகள் பார்த்துவிட்டாள். வாங்கி முழுவதும் படித்தாள். பாதி வரை சிரித்தாள், கடைசிப் பக்கம் வந்ததும் சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "உங்களை யாரு இதை எழுதச் சொன்னது? அப்பாவுக்குப் போன் பண்ணி நீங்க குடிக்கிறீங்கன்னு சொன்னதே நான்தான்" என்றாள். எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. "அன்பாக் கூப்பிட்டா வரமாட்டாரு. பாக்கணும்போல இருக்குன்னு சொன்னா, போன்லயே பாத்துக்கலாம்பாரு. ஒருத்தரைத் திருத்தணும்னா ராத்திரியோட ராத்திரியா கிளம்பிடுவாரு, அவரு உத்தியோகம் அப்படி. ஒருவழியா வரேன்னு சொல்லியிருக்காரு. நீங்க பாட்டுக்கு சமாதானம் எழுதி அனுப்பி, அங்கேயே உக்கார வச்சுடாதீங்க. கிழிச்சுப் போடுங்க" என்றாள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை, அவளுக்குத் தெரியாமல் அப்படியே அனுப்புகிறேன். நீங்களும் படிக்காதது போலவே இருந்துவிடுங்கள். நான் இப்போது எதிர்வீட்டுக்குப் போய் ஆடிட்டருக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

ஆகையால் மேலே எழுதியிருப்பது அத்தனையும் பொய். நான் காலையும் மாலையும் குடிக்கிறேன். தெருவில் தலைகாட்ட முடியவில்லை. உங்கள் மகள் கண்ணீரும் கம்பலையுமாக, உங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் பாட்டுப் பாடிக்கொண்டே தலையணை உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கோபம் ஆறுவதற்குள் கிளம்பி வாருங்கள் மாமா. துணிமணி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், நான் லேசில் திருந்துகிற ஆள் இல்லை.