செக்கிங் நைனாவின் கொலஸ்ட்ரால்

அம்பத்தூரில் செக்கிங் நைனா பார்த்து 'பாஸ்' சொல்லாமல் சூரியன்கூட உதித்ததில்லை. அங்கே தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பது வருஷம் இரும்புச் சாமான்களை அளந்து பாஸ், ரிஜெக்ட் போட்டவர். ரிடையரான பிறகும் கை நிற்கவில்லை. தெருவில் இட்லி, ஸ்பீடு பிரேக்கர், கல்யாண மாப்பிள்ளை எதுவும் தப்பாது. என் வீட்டு மெதுவடையை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, "ஓட்டை பெருசு, ரிஜெக்ட்" என்ற புண்ணியவான்.

எழுபத்திரண்டு வயதில் அவருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. போன வருஷம் எகிறிக் கிடந்த கொலஸ்ட்ரால் இப்போது தடாலென்று இறங்கியிருந்தது. மனிதர் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வீடு வீடாகக் காட்டினார்.

"பார்த்துக்கோ சார், அளவு லிமிட்டுக்குள்ள கீது. நான் பாஸ்!"

"மாத்திரை போட்டீங்களா நைனா?"

"தொட்டதேயில்ல."

"ஆட்டுக்கால் பாயா, பரோட்டா?"

"அத்த இன்னாத்துக்கு உடணும்?"

எனக்கு மண்டையைக் குடைந்தது. பாயாவை மோந்து பார்த்தாலே எனக்கு ஏறுகிற சனியன் இவருக்கு மட்டும் எப்படி இறங்கும்? தெரிந்துகொண்டே தீருவதென்று அவரையும் அவர் மனைவி தனம் அக்காவையும் டாக்டரிடம் இழுத்துப்போனேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "வயசானவங்க உடம்புல எங்கயாவது சீழ், அழற்சி இருந்தா கொலஸ்ட்ரால் தானா இறங்கலாம். இதைப் பார்த்து சந்தோஷப்படக் கூடாது. புண் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணியும் இல்லம்மா."

"பொய்யி! பத்து நாளா ஊட்டுக்குள்ளயே சாக்ஸ் போட்டுகினு சுத்துறாரு" என்று போட்டு உடைத்தார் தனம் அக்கா.

கழற்றினால், ஐயோ, குதிகால் வீங்கிப் பழுத்திருந்தது. ஆணி குத்தியதாம். சர்க்கரை வியாதியில் கால் மரத்திருந்ததால் வலி தெரியவில்லை. திட்டு விழும் என்று மறைத்துவிட்டார்.

"காலைக் காப்பாத்த முடியுமான்னு பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

"நம்பரு கரெக்டாத்தானேம்மா கீது?" நைனாவின் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

ஆபரேஷன், ஊசி, கட்டு என்று மூன்று வாரம். கால் பிழைத்தது. புண் ஆறி இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால் பழையபடி உச்சாணிக்கு ஏறியிருந்தது.

"அழற்சி அடங்கிடுச்சு. இனிமே மாத்திரை கொடுத்து நாமளே இறக்கலாம்" என்றார் டாக்டரம்மா. தனம் அக்கா ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டு மனுஷனுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியதற்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?