மூன்றாவது தெரிவு

“...வேணுங்கிற சாமான முதல்ல தொடப்படாது, மகள்! தொட்டா வெல ஏறிடும்” என்றார் என்டர் நானா, என் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தன் கடைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு.

கடுகண்ணாவையில் முன்னேறிய அத்தனை பேரும் நானாவின் விரல் வழியாகத்தான் முன்னேறினார்கள்; கெட்டவர்களும் அப்படியே. முப்பது வருடம் புடைவை விற்ற மனிதர், ஃபோம் நிரப்பவும் போட்டோ கொப்பி எடுக்கவும் ஒரு கொமியுனிகேஷன் கடை போட்டார். என்டர் கட்டையை அவர் அறைந்த அறையில் ரோட்டில் போன பஸ்ஸே ஒருமுறை பிரேக் அடித்ததாம். கணினி புதிது. புத்தி மட்டும் பழைய பேரம் பேசும் புத்தி. ஒரு கிழமை லீவுக்குக் கடிதம் அடிக்க வந்த பேக்கரி செல்வத்துக்கு, “கேட்டதுல பாதிதான் தருவானுகள்” என்று ஒரு மாதம் அடித்துக் கொடுத்தார். முதலாளி ஆயுளுக்கும் லீவு கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் தெரிந்தும் போனேன். வீட்டில் கணினி இல்லை. கண்ணாடி உடைந்த போனில் புரோகிராம் எழுதிப் பழகியவள் என் மகள். கணினி விஞ்ஞானம் தவிர வேறு படிப்பின் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. நானா அதை மூன்றாவதாகப் போட்டார். முதலாவது, நில அளவை.

“அங்கிள், முதல்ல போடுறதத்தான் முதல்ல பார்ப்பாங்க.”

“நமக்கு ஆச இல்லாத மாதிரி காட்டணும், மகள். பொறகு அவனே கூப்பிட்டுத் தருவான்.”

மகள் என்னைப் பார்த்தாள். “பெரியவங்க சொன்னா கேளு” என்று அதட்டியவன் நான்தான். டப்! என்டர் விழுந்தது.

கிடைத்தது நில அளவை. கணினி விஞ்ஞானத்துக்கும் புள்ளி போதும்தான். ஆனால் முதலாவது கிடைத்தவருக்கு மூன்றாவதை யார் பார்க்கிறார்கள்?

“கேட்டவொடன தந்துட்டானே!” என்று நானா தலையில் கை வைத்தார்.

“அவங்களுக்கு யாவாரம் தெரியல, அங்கிள்” என்றாள் மகள். சிரிக்கவில்லை.

நானா கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய், “பிழ என்னோடது, புள்ளேட இல்ல” என்று பல்கலைக்கழக அனுமதி அலுவலகக் கவுண்டரில் மன்றாடிப் பார்த்தார். மாற்ற ஏலாது என்று திருப்பி அனுப்பினார்கள். மகள் நில அளவைக்குப் பதியவில்லை. அடுத்த விண்ணப்பத்துக்குப் பழைய புள்ளி செல்லாதாம்; மறுபடியும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினாள். ஒரு வருடம் மண்ணாகப் போயிற்று. நானாவோடு பேச்சை நிறுத்தினேன். என் கோபத்தில் பாதிக்கு மேல் என் மீதுதான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. கடையிலிருந்த ஒரே கணினியைத் தான் உடுத்தும் சாரமொன்றால் சுற்றித் தூக்கிக்கொண்டு நானா இறங்கினார். “கடைல இனிப் போட்டோ கொப்பி மட்டும்தான், மகள்” என்றார். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை மேசையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, குனிந்து வயரை மாட்டினார்.